ஜாமில் உட்காரும் கிதார்காரர் முதலில் யாரைப் பின்பற்றுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பாஞ்சோவும் ஃபிடிலும் (வயலின்) மாண்டலினும் சேர்ந்து ஒலிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை புளூகிராஸ். அதன் கிதார் மேல் ஆசை வந்து, ஜாமில், அதாவது பலர் கூடி ஒத்திகையின்றி வாசிக்கும் வட்டத்தில், உட்கார நினைப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டாக் வாட்சனில் தொடங்குவதா, டோனி ரைஸில் தொடங்குவதா? சிலர் நடுவில் கிளாரன்ஸ் வைட் பெயரைச் சேர்ப்பார்கள். நார்மன் பிளேக் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொல்பவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டு ஒருவரிடமும் நிலைக்காமல் போகிறவர்களின் எண்ணிக்கைதான் அதிகம்.

இவர்களில் யார் பெரியவர் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். எங்கே, யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் தானாகவே அவிழும். இந்த இசை மேடையில் வளர்ந்த அளவுக்கு முகாம் மைதானங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வளர்ந்தது. வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் ஃபிடில் கலைஞர்கள் கூடும் விழா 1935 முதல் நடக்கிறது. பல நாள் புளூகிராஸ் விழா என்ற வழக்கத்தை 1965இல் அதே மாநிலத்தின் ஃபின்காஸ்டில் தொடங்கிவைத்தது. கான்சாஸ் மாநிலத்து வின்ஃபீல்டில் 1972 முதல் நடக்கும் விழாவில் தேசிய ஃபிளாட்பிக் கிதார் போட்டியே உண்டு (பிக் என்பது கம்பியை மீட்டும் சிறு தகடு; அதை விரலிடுக்கில் பிடித்து வாசிப்பது ஃபிளாட்பிக்). ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், மேடைப் பக்கமே எட்டிப்பார்க்காமல், கூடாரங்களுக்கு நடுவே விடியவிடிய வாசித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கே ஏராளம்.

## ஜாமில் உண்மையில் என்ன நடக்கிறது

ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். பாடப்போகிறவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார். "பி" என்றால் கிதார்காரர் நான்காம் ஃபிரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டிக்கொண்டு, தனக்குப் பழகிய ஜி வடிவக் கார்டுகளையே (சுரக் கூட்டுகள்) பிடிப்பார். டபுள் பாஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும். மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் "சக்" என்று வெட்டும். கிதார் இந்த இரண்டுக்கும் பாலம்: தாழ்ந்த கம்பியில் ஒரு சுரம், பிறகு மேல் கம்பிகளில் ஒரு வீச்சு.

முறை வட்டமாகச் சுற்றி வரும். பாடுகிறவர் கண்ணால் காட்டுவார். ஃபிடில் எடுக்கும், அடுத்து பாஞ்சோ, பிறகு நீங்கள். உங்கள் முறை வந்ததும் நாகரிகம் தெரிந்த வட்டம் என்றால் பாஞ்சோ ஒதுங்கும், மாண்டலின் வெட்டு மெலியும். மற்றவர்கள் இப்படி அடங்கினால்தான் கிதாரின் தனி வாசிப்பு காதில் விழும். ஃபிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் யாரும் இந்தச் சலுகையைத் தரத் தேவையில்லை. பாட்டு முடியப்போகிறது என்று காட்டப் பாடுகிறவர் ஒரு காலை முன்னே தூக்குவார். மூன்று நிமிடப் பாட்டில் உங்கள் தனி வாசிப்பு முப்பது விநாடியைத் தொட்டால் அதிகம். மீதி நேரமெல்லாம் ரிதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த இசையில் கிதார் தனி வாசிப்புக்கு வந்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வேறொரு வாத்தியம் இல்லாத இடத்தைத்தான் கிதார் நிரப்பியிருக்கிறது. டாக் வாட்சன் 1950களில் இருந்த நடனக் குழுவில் ஃபிடில் கிடையாது; ஃபிடில் மெட்டுகளை எலெக்ட்ரிக் கிதாரில் வாசிக்க வேண்டிவந்தது. கிளாரன்ஸ் வைட்டின் அண்ணன் ரோலண்ட் மாண்டலின் கலைஞர். 1961இல் அவரை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள், அந்த இடைவெளியில் தம்பியின் கிதார் முன்னே வந்தது. ஆள் குறைந்த ஸ்டான்லி சகோதரர்கள் குழுவில் ஜார்ஜ் ஷஃப்லர் மூன்று கம்பிகளில் மாறிமாறிப் பிக் அடித்து மெட்டைத் தாங்கினார். ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின் எல்லாம் நிறைந்த வட்டத்தில் கிதாரின் தனி வாசிப்புக்காக யாரும் ஏங்கிக்கொண்டிருப்பதில்லை. ரிதம் கிதார் இல்லையென்றால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

தனி வாசிப்பு இல்லாத நேரத்தில் இவரிடமிருந்து கற்றது உதவுமா? ஒலிபெருக்கி இல்லாத வட்டத்தில் இந்த வாசிப்பு கேட்குமா? வேகம் எட்டாதபோது பின்வாங்க ஒரு வழி இருக்கிறதா? ஒரு பாட்டுக்குக் கற்றது அடுத்த பாட்டுக்குக் கைகொடுக்குமா? கடைசியாக, பணமும் உடம்பும் எவ்வளவு செலவாகும்?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விலை தெரிந்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.

## லெஸ்டர் ஃபிளாட், ஜிம்மி மார்ட்டின்: ரிதம் வழி

யாரும் கேட்காத பெயர்களை முதலில் வைக்கிறேன். பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது அங்கே கிதாரும் பாட்டும் ஃபிளாட்டின் பொறுப்பு. கட்டைவிரலில் மாட்டும் பிக்கால் வாசித்தவர். 1949இல் அதே குழுவுக்கு வந்த மார்ட்டின் கையில் பிடிக்கும் பிக்கால் வட்டத்தையே இழுத்துச் செல்கிற ரிதத்தைக் கொண்டுவந்தார்.

ஃபிளாட் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஜி ரன்னை, அதாவது வரி முடிவில் ஓடும் சிறு சுர வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்; ஐந்தாம் கம்பி திறந்து, முதல் ஃபிரெட், இரண்டாம் ஃபிரெட்; நான்காம் கம்பி திறந்து, இரண்டாம் ஃபிரெட்; திறந்த மூன்றாம் கம்பியில் முடிவு. மொத்தம் ஏழு சுரங்கள். ஒரு மாலையில் விரல் பழகிவிடும். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில், கடைசிச் சுரம் சரியாகத் தாளத்தின் முதல் அடியில் விழும்படி அதை வைக்க எவ்வளவு காலமாகும் என்பது வேறு கதை. இரண்டு வரிக்கு ஒருமுறை அதைப் போட்டால் எரிச்சல். நான்கு வரிக்கு ஒருமுறை போட்டால் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததுபோல் பாட்டுக்கு அழகு.

மறைந்திருக்கும் செலவு பொறுமைதான். வீட்டில் தனியாக உட்கார்ந்து ரிதம் மட்டும் வாசிப்பது சலிப்பான வேலை. கேட்பவர்களும் கைதட்ட மாட்டார்கள். பணச் செலவு மிகக் குறைவு. திடமான ஒரு டிரெட்நாட் (பெரிய உடல் கொண்ட) கிதார், மீடியம் கம்பிகள், கேப்போ, கிளிப் டியூனர், அவ்வளவே.

## டாக் வாட்சன்

வட கரோலைனாவின் டீப் கேப் பகுதியில் 1923இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பார்வை போனது. 1960இல் நாட்டுப்புற இசை சேகரிக்க வந்த ரால்ஃப் ரின்ஸ்லர் கண்டெடுத்தபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1963இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, 1964இல் முதல் தனி ஆல்பம். அதன்பிறகு அமெரிக்கக் கிதார்காரர்கள் ஃபிடில் மெட்டைக் கிதாரில் வாசிக்க முடியுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

கற்பவருக்கு அவருடைய பெரிய வரம் தெளிவு. மெட்டு மெட்டாகவே இருக்கும். தாளத்தின் மேல் விழும் சுரம் கீழ்நோக்கிய அடி, இடையில் விழுவது மேல்நோக்கிய அடி; இந்த ஒழுங்கு கையில் ஏறிவிட்டால் எந்த ஃபிடில் மெட்டையும் அதே கையால் எடுக்கலாம். அவர் ஜி வடிவத்திலும் சி வடிவத்திலும் வாசித்துக் கேப்போவால் ஏ, டி சுருதிகளுக்குப் போவதைக் கவனித்தாலே ஜாமின் இலக்கணத்தில் பாதி வந்துவிடும். பாடகர் வேறு. பாட்டோடு கிதாரை எப்படி அடக்குவது என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி முழு புளூகிராஸ் குழுவோடு வாசிக்கவில்லை. கிதாரில் மகன் மெர்ல், ஒரு பாஸ், அவர். அந்த அமைப்பில் பாஞ்சோவின் இரைச்சலோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அவருடைய மென்மையான பின்னணியை அப்படியே எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் வட்டத்துக்குப் போனால் யார் காதிலும் விழாது. இன்னொன்று, அவருடைய மெட்டுகளை மனப்பாடமாகக் கற்றவர்கள் முன்தயாரிப்பில்லாத பாட்டு வந்தால் விழிப்பார்கள். ஃபிடில் மெட்டு நூறு தெரியும். யாரோ பாடும் ஒரு சாதாரண மூன்று கார்டுப் பாட்டில் முறை வந்தால் கை ஓடாது. இந்தப் பள்ளத்தில் விழாதவர் குறைவு. தப்பிக்க ஒரு வழி உண்டு: பாடுகிற மெட்டையே, அலங்காரம் எதுவுமில்லாமல், கீழ்க் கம்பிகளில் வாசித்துவிடுவது. டாக்கிடமிருந்து எடுக்க வேண்டிய முதல் பாடமே அதுதான் என்பேன்.

## கிளாரன்ஸ் வைட்

1944இல் மேய்ன் மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் டாக்கை நேரில் கேட்டது அவரைத் திருப்பிப்போட்டது. கென்டக்கி கர்னல்ஸ் குழுவின் 1964 ஆல்பம் முழுக்க வாத்திய இசை. அதில் அவர் கிதார் எங்கே நுழைகிறது, எங்கே நிறுத்துகிறது என்பதை மட்டும் கேட்டாலே போதும். 1968இல் ராக் குழுவான பேர்ட்ஸில் சேர்ந்தார். 1973 ஜூலையில் குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி, 29 வயதில் போய்விட்டார்.

டாக் தாளத்தின் மேல் நடந்தார் என்றால் கிளாரன்ஸ் தாளத்தைத் தள்ளி எடுத்தார். எதிர்பார்க்கும் அடியில் மௌனம். அரை அடி கழித்து ஒரு சுரம். அதிலிருந்து சுழன்று அடுத்த வரியின் சமத்தில் வந்து நிற்பது. தாளம் போட்டுப் பாட்டுக் கேட்கிற பழக்கம் உள்ள காதுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். அவருடைய ரிதமும் இப்படித்தான். ஒரே மாதிரி வீசாமல் பாடகரின் வரிகளுக்கு இடையே பேசிக்கொண்டே போகும்.

எல்லோரும் அவரைப் புகழ்வார்கள், சாதாரண ஜாமில் அவரைப்போல் வாசித்தால் முகம் சுளிப்பார்கள். காரணம் எளிது. கர்னல்ஸில் ரோஜர் புஷ்ஷின் பாஸ் கல்லுமாதிரி இருந்தது. அதை நம்பி அவர் விலகிப்போக முடிந்தது. பழகுநர்கள் நிறைந்த வட்டத்தில் தாளம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். அங்கே கிதார்காரரும் அடியைத் தள்ளி வைத்தால் நாலு பேர் நாலு திசையில் போவார்கள். பாட்டு சிதறும், பழி உங்கள் தலையில். நல்ல பாஸ் கலைஞர் ஒருவர் நண்பராக இருந்தால் கிளாரன்ஸைத் தாராளமாகத் தொடங்குங்கள். இல்லையென்றால் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலும், சுழற்சியாக அவர் மூன்று கம்பிகளில் அடிக்கும் பகுதிகளில் எட்டுச் சுரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்க வேண்டியிருக்கும். கை கீழ்-மேல் ஒழுங்கில் போனால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பியைத் தாக்கும் திசை மாறும். டாக்கின் ஒழுங்கு கையில் ஊறாமல் இதற்குள் போனால் இரண்டும் கெடும்.

## டோனி ரைஸ்

ஆசை அதிகம் எழுப்புகிறவர் இவர். முதல் தேர்வாக நான் பரிந்துரைக்காதவரும் இவரே.

1951இல் வர்ஜீனியாவின் டேன்வில்லில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த சிறுவன் ஒன்பது வயதில் கிளாரன்ஸைச் சந்தித்தான். கிளாரன்ஸ் வைத்திருந்த, ஒலித்துளை அகலப்படுத்தப்பட்ட 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28 கிதாரைத் தேடிக் கண்டுபிடித்து 1975இல் 550 டாலருக்கு வாங்கினான். அதே ஆண்டு, ரைஸ் வாசித்த, பாஞ்சோ கலைஞர் ஜே. டி. கிரோவின் நியூ சவுத் குழுவின் ஆல்பம் வந்தது. பாஞ்சோ, மாண்டலின், டோப்ரோ (கிடத்தி வாசிக்கும் ஒருவகைக் கிதார்) எல்லாம் இருந்த முழுக் குழுவில், எந்த இடைவெளியையும் நிரப்பும் தேவையில்லாமல், கிதார் சம அந்தஸ்தோடு உட்கார்ந்தது. மேலே சொன்ன வேடிக்கைக் கதைக்கு விதிவிலக்கு ரைஸ். பிறகு மாண்டலின் கலைஞர் டேவிட் கிரிஸ்மனோடு ஜாஸ் பக்கம் போய்வந்து, 1979இல் ஒரு ஆல்பமும் 1983இல் பெரும்பாலும் தனிக் கிதாரும் குரலுமாக இன்னொன்றும் கொடுத்தார். அந்த இரண்டும் இன்றைக்கும் பலருக்கு வேதம்.

செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, நீங்கள் கேட்கும் அந்தச் சத்தம் மைக்குக்கு முன்னால் உருவானது. அவருடைய நுணுக்கமான ஓட்டங்கள் திறந்த மைதானத்தில் பாஞ்சோவுக்குப் பக்கத்தில் கரைந்துபோகும். இரண்டாவது, கருவி மோகம். அவர் அழுங்காமை ஓட்டால் ஆன பிக்கைப் பயன்படுத்தினார். அதன் பன்னாட்டு வணிகத்துக்கு 1970களிலேயே தடை வந்துவிட்டது. அதற்கு ஈடாக விற்கும் செயற்கைப் பிக் ஒன்றின் விலை 35 டாலரைத் தாண்டும். போருக்கு முந்தைய டி-28இல் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டை 1992 முதல் நாடு விட்டு நாடு கொண்டுபோவதே தனி வழக்கு. இந்தப் பாதையில் இறங்கியவர்கள் வாசித்த நேரத்தைவிடக் கருவி பற்றிப் படித்த நேரம் அதிகம்.

மூன்றாவது, கை. நொடிக்கு ஏழெட்டுச் சுரம் ஓடும் வேகத்தில் மணிக்கட்டு இறுகினால் வலி முழங்கைக்கு ஏறும். ரைஸே கை வலியால் 2013க்குப் பிறகு மேடையில் கிதார் வாசிக்கவில்லை. குரலை 1994இலேயே இழந்திருந்தார். 2020 கிறிஸ்துமஸ் நாளில் காலமானார்.

நான்காவது, அவருடைய ஓட்டங்கள் ஊரறிந்தவை. வட்டத்தில் மூன்று கிதார்காரர்கள் இருந்தால் மூன்று பேரும் அதே ஓட்டத்தை ஒருவர்பின் ஒருவராக வாசிக்கும் நிலைமை வரும். கேட்கிறவர்களுக்கு அலுப்பு, வாசிக்கிறவருக்கு அது தெரியாது.

ஆனால் ரைஸில் பலரும் தாண்டிப்போகும் ஒரு பொக்கிஷம் உண்டு: ரிதம். 1981 முதல் வந்த புளூகிராஸ் ஆல்பம் பேண்ட் தொகுப்புகளில் தனி வாசிப்பை மறந்துவிட்டு, மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் கை என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஃபிளாட்டின் உறுதியும் கிளாரன்ஸின் பேச்சும் ஒரே கையில் இருக்கும். ரைஸை விட மனமில்லாதவர்கள் இந்த வாசல் வழியாக உள்ளே வாருங்கள்.

## நார்மன் பிளேக்

1938இல் டென்னசியின் சட்டனூகாவில் பிறந்தவர். ஜானி கேஷோடும் பாப் டிலனின் 1969 நாஷ்வில் பதிவிலும் வாசித்தவர். 1972இல் முதல் தனி ஆல்பம். வேகத்தில் ஆர்வமில்லாத, தளர்ந்த மணிக்கட்டோடு, கழுத்து பன்னிரண்டாம் ஃபிரெட்டில் உடலோடு சேரும் பழைய பாணிக் கிதார்களை விரும்புகிறவர். ரைஸின் 1983 ஆல்பத்துக்குத் தலைப்புப் பாட்டே பிளேக் எழுதியதுதான்.

பெரிய வட்டத்தில் இந்த வாசிப்பு எடுபடாது. இரண்டு மூன்று பேர் உட்காரும் கூடத்தில் இதற்கு இணை கிடையாது. மெட்டும் கார்டும் ஒரே கையில் நடப்பதால் தனியாக வாசித்தாலும் முழுமையாகக் கேட்கும். சுற்றுவட்டாரத்தில் பாஞ்சோவே இல்லாத ஊரில் இருக்கிறவர்கள், அதாவது இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர், பிளேக்கை இரண்டாம் தட்டில் வைப்பது எனக்கு விளங்காத புதிர்.

## ஒரே பார்வையில்

| வழி | ரிதத்துக்கு | வட்டத்தில் கேட்குமா | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஃபிளாட், மார்ட்டின் | முழுப் பலன் | கேட்கும் | சலிப்பு | முதல் ஜாமுக்குப் போகிறவர் |
| டாக் வாட்சன் | ஓரளவு | மெட்டு கேட்கும், பின்னணி கேட்காது | மனப்பாடப் பழக்கம் | ஃபிடில் மெட்டுப் பிரியர், பாடகர் |
| கிளாரன்ஸ் வைட் | உயர்நிலை | பாஸைப் பொறுத்தது | தாளம் சிதறும் ஆபத்து | தேர்ந்த குழு உள்ளவர் |
| டோனி ரைஸ் | ரிதம் பொக்கிஷம் | தனி வாசிப்பு கரையும் | கருவி, கை, நகல் | ஏற்கெனவே வேகம் உள்ளவர் |
| நார்மன் பிளேக் | சிறு கூட்டத்துக்கு | பெரிய வட்டத்தில் இல்லை | பாஞ்சோவோடு பழக்கம் வராது | தனியாக, துணையோடு வாசிப்பவர் |

## எந்த நிலையில் எது

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், பக்கத்தில் வாராந்திர ஜாம் நடக்கிறது என்றால் ரிதம் வழிதான். நாஷ்வில்லின் ஸ்டேஷன் இன் அரங்கில் ஞாயிறு மாலை ஜாம் போன்ற இடங்களில் முதலில் வெளி வரிசையில் நின்று, பழக்கப்பட்ட கிதார்காரரின் இடது கையைப் பார்த்துக் கார்டு மாற்றுவது யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாத வழக்கம். ஏற்கெனவே ரிதம் கிதார் இரண்டு இருந்தால் மூன்றாவதாகச் சத்தமாக நுழையாதீர்கள். பழகுநருக்கென்றே மெதுவாக நடத்தும் ஜாம்களும் உண்டு. கௌரவம் பார்க்காமல் அங்கே போகலாம்.

நன்றாகப் பாடுவீர்கள், கிதார் துணைக்குத்தான் என்றால் டாக். ராக், ஜாஸ் கிதாரில் வேகம் வந்துவிட்டது, இந்த இசை மட்டும் புதிது என்றால் ரைஸின் ரிதத்தில் நுழைந்து தனி வாசிப்புக்குப் போங்கள். உங்களுக்கு டாக்கின் ஒழுங்கு தானாகவே ஓரளவு கையில் இருக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ தனியாக வாசிக்கிறவர் பிளேக்கில் தொடங்கி டாக்குக்கு வரலாம்.

இன்றைய பெயர்களைக் கேட்பவர்களும் உண்டு. பிரையன் சட்டன் இந்த ஐந்து வழிகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடியவர். 2017இல் சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் கிதார் விருதை வென்ற முதல் பெண் மோலி டட்டில். 1992இல் பிறந்த பில்லி ஸ்ட்ரிங்ஸ் வளர்ப்புத் தந்தை டெர்ரி பார்பர் தனி வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து ரிதம் பிடித்தே வளர்ந்தவர். அவருடைய வேகத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்த ஒரு விவரத்தை மட்டும் கவனிப்பதில்லை.

ரிதத்திலிருந்து தனி வாசிப்புக்கு எப்போது நகர்வது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலிக்க வையுங்கள். அது மாண்டலினின் வெட்டு. மூன்று கார்டுப் பாட்டு ஒன்றை ஐந்து நிமிடம் பாடிக்கொண்டே வாசித்துப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். ஜி ரன் முடிந்த பிறகு வரும் முதல் அடி முந்தாமல் பிந்தாமல் விழுந்தால் தனி வாசிப்பைத் தொடங்கலாம். முந்தினால், பெரும்பாலும் முந்தத்தான் செய்யும், இன்னும் ஒரு மாதம் ஃபிளாட்டோடு இருங்கள்.